பாஸ்காவுக்கு விற்ற வீடு

வைட்டன்ரீட்,
4 ஏப்ரல் 1938

அன்புள்ள வால்புர்கா,

உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு சாக்கடையும்தான். ஆனாலும் இதைத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். தபால்காரர் இதைப் பையில் போட்டுக்கொண்டு கீழ்வீதி முழுக்கச் சுற்றிவிட்டு நாளைக் காலையில் உன் கையில் கொடுப்பார். அவருக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

உன் ஆன்டன் கட்சியின் பழுப்புச் சட்டையைப் போட ஆரம்பித்ததிலிருந்து நீ இந்தப் பக்கம் வருவதில்லை. குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளையோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டியவள் நீ.

ஆனால் எங்கள் பாஸ்கா பண்டிகை வருகிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் வீட்டில் புளித்தது ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. ரொட்டி, மாவு, தானியத்தில் காய்ச்சிய பிராந்தி, எல்லாவற்றையும் பின்கட்டு அலமாரியில் வைத்துப் பூட்டி, யூதரல்லாத ஒருவருக்கு விற்று, சாவியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷத்திலிருந்து அதை வாங்குவது உன் வீட்டார்தான். முதலில் உன் மாமனார், பிறகு உன் அலோயிஸ், அவர் போன பிறகு நீ. இந்த வருஷம் யாருக்கு விற்பது?

என் ஹெர்மன் உயிரோடிருந்தபோது அலோயிஸ் முதல்முறை வாங்கியது நினைவிருக்கிறதா? மூன்றாம் நாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். "ஏங்க ஹெர்மன், அந்த அலமாரில இருக்கிற பிராந்தி என்னோடதா, உங்களோடதா?" "உங்களோடதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். "அப்ப நான் குடிக்கலாம்ல?" குடித்தார். பாதி போத்தல் போயிற்று. ஹெர்மனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஜெபக்கூடத்து ஆசிரியர் மட்டும் கைகொட்டிச் சிரித்தார். "இப்பத்தாங்க வியாபாரம் சுத்தமாச்சு. இத்தனை வருஷமா நாம ஒப்புக்குத்தான் வித்துக்கிட்டு இருந்தோமோன்னு எனக்கே சந்தேகம்."

அவர் சொன்னது சரிதான். விற்பனை நிஜமாக இருக்கவேண்டும். திருப்பித் தா என்று நான் கேட்கக் கூடாது, தருகிறேன் என்று நீ சொல்லக் கூடாது. எட்டு நாள் கழித்து, உனக்கு மனமிருந்தால், நீயாக எனக்கே திரும்ப விற்கலாம். நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

என் கொழுந்தன் மோரிட்ஸ் சொல்கிறான்: "அண்ணி, ஊர்த்தலைவருக்கே வித்துடுங்க. எட்டு நாளாச்சும் அவர் நம்ம ரொட்டிக்குக் காவல் இருக்கட்டும்." அவனுக்கு இன்னும் விளையாட்டு போகவில்லை. சந்தையில் அவன் கையில் கை தட்டி மாட்டு விலையை முடிக்க யாரும் வருவதில்லை. இருட்டிய பிறகு பின்வாசலில் வந்து, "பசு பால் மறுக்குது, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். போகிறான்.

பதில் எழுது. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுது.

செர்லின்


வைட்டன்ரீட்,
6 ஏப்ரல் 1938

அன்புள்ள செர்லின்,

கடிதம் கிடைத்தது. தபால்தலை வீண்.

முழங்கால் வலியால் வரவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. பொய் எழுத எனக்கு வராது. மடத்துப் பள்ளியில் மதர் அலோய்சியா நம்மை அப்படி வளர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். அன்று எங்களுக்குப் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை தொடங்குவதற்கு முன் வந்துவிடுவேன். "பெரிய வெள்ளியன்னிக்கு, போயும் போயும் அந்த வீட்டுக்கா போறே?" என்று ஆன்டன் கேட்டான். "பாஸ்கா அன்னிக்கு வருது, நான் என்ன பண்ண?" என்றேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். உருளைக்கிழங்கு வீணாயிற்று.

பின்வாசலைத் திறந்து வைக்காதே. நான் மாட்டுத் தரகு பேச வரவில்லை. முன்வாசல் வழியாக வருவேன், கறுப்புத் தொப்பி அணிந்து வருவேன்.

அலமாரியில் பிராந்தி இருக்கவேண்டிய அளவு இருக்கட்டும். மோரிட்ஸிடம் சொல்லி வை.

எங்கள் தொழுவத்துக்கு வழக்கம்போல ஒரு துண்டு புளிப்பில்லாத அப்பம் எடுத்து வை. போன வருஷம் இடி விழாமலிருக்க நிலைக்கு மேல் செருகியதை எலி தின்றுவிட்டது. இடி மழைக்காலம் வருகிறது.

வால்புர்கா


வைட்டன்ரீட்,
12 பிப்ரவரி 1939

அன்புள்ள வால்புர்கா,

மறுபடி தபாலில் எழுதுகிறேன். நேரில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ கைக்குட்டையை நீட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காகச் சொல் என்பாய். எழுதினால் ஒழுங்காக வரும்.

போன பெரிய வெள்ளிக்கு நீ வந்துபோனதற்கு உன் பெயரைச் சதுக்கத்துப் பலகையில் எழுதி ஒட்டினார்கள். நீ போய், பென்சிலால் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு வந்தாயாம். மோரிட்ஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நவம்பரில் நடந்ததை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீ ஜன்னலில் நின்றாய். ஜெபக்கூடத்தை எரிக்கவில்லை, பக்கத்துத் தொழுவங்களில் தீப் பிடித்துவிடும் என்று. உடைத்துவிட்டுப் போனார்கள். நம் ஊர்ப் பையன்கள் அவ்வளவு கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். மோரிட்ஸைக் கொண்டுபோன முகாமைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழித்த தலையோடு வந்தான். நேரே தொழுவத்துக்குப் போய் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். ராத்திரியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறான், இந்தப் பனியில்.

என் மகன் யூலியுஸ் அமெரிக்காவில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். எனக்கு அனுமதி வந்துவிட்டது. மோரிட்ஸுக்கு வரவில்லை. அவன் வரிசை எண் அவ்வளவு பின்னால் இருக்கிறது. வந்தாலும் போவானா என்று தெரியவில்லை. "அண்ணி, அங்க மாடு இங்கிலீஷ்ல கத்துமாம். எனக்குப் புரியாது." விளையாட்டாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

வீட்டை விற்றாகவேண்டும். ஊர்த்தலைவர் யாரையோ மனதில் வைத்திருக்கிறார், நானும் நீயும் அறிந்த ஆள்தான். பணம் எப்படியும் என் கைக்கு வராது, அதைப் பற்றி எழுதவில்லை. நீ வாங்கிக்கொள்.

கட்சிக்காரனுடைய தாய் நீ. உனக்கு மறுக்க அவர்களால் முடியாது. மாடி அறையில் மோரிட்ஸ் இருக்கட்டும்.

பத்திரப் பதிவில் நாம் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம். எப்போதாவது சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

செர்லின்


வைட்டன்ரீட்,
20 ஆகஸ்ட் 1939

அன்புள்ள செர்லின்,

வைன்லாண்ட் என்ற ஊரை வரைபடத்தில் தேடினேன். இல்லை. யூலியுஸின் கோழிகளுக்கு ஓர் ஊர் வேண்டுமென்று உண்டாக்கியிருப்பார்கள்.

நீ கேட்டபடி வரிசையாக எழுதுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. தெற்குப் பக்கக் கூரையில் மூன்று ஓடு மாற்றினேன். கீழ்த்தளத்தை நானே துடைக்கிறேன். உன் சமையலறைத் தரையில் அடுப்புக்குக் கீழே வருஷக்கணக்காகக் கரி படிந்திருந்தது. சுரண்டி எடுத்தேன். இதைச் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

புறப்பட்ட அன்று நீ வாசற்படியில் நின்று ஒன்று செய்தாய். பதிவு முடிந்து, கையெழுத்துப் போட்டு, எல்லாம் ஆனபிறகு, பாஸ்கா விற்பனையை உறுதிப்படுத்தச் செய்வதுபோலக் கைக்குட்டையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாய். பிடித்தேன். சாவியைக் கொடுத்தாய். வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டப்படி தேவையில்லாத காரியம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

மோரிட்ஸ் என்னை வீட்டுக்காரம்மா என்று கூப்பிடுகிறான். "வீட்டுக்காரம்மா, வாடகைக்குப் பதிலா ஆட்டுப்பால் ஆகுமா?" ஆகும் என்றேன். பால் நன்றாக இருக்கிறது.

அவனை வெளியேற்றச் சொல்லி ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். யூதர்களை எல்லாம் பழைய யூதப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக வைக்கப்போகிறார்களாம். "எழுத்துல குடுங்க" என்றேன். அவர் இன்னும் கொடுக்கவில்லை. ஆன்டன் கல்யாணத்துக்கு மாடி அறையைக் கேட்கிறான். "அவனை எப்பம்மா காலி பண்ணுவே?" என்று தினமும் நச்சரிக்கிறான். குடியிருப்பவன் இருக்கும்போது அறையை எப்படிக் கொடுப்பது என்றேன். அவன் என்னோடு பேசி ஒரு வாரமாகிறது.

ஒரு குறை. மோரிட்ஸ் மாடி ஜன்னலைச் சாத்துவதே இல்லை. சாரல் அடித்துத் தரைப்பலகை ஊறிப்போகிறது. தினமும் சொல்கிறேன். தினமும் "சாத்துறேன்" என்கிறான். சாத்துவதில்லை. நீயாவது எழுது.

வால்புர்கா


வைன்லாண்ட், நியூ ஜெர்சி,
9 மார்ச் 1941

அன்புள்ள வால்புர்கா,

உன் கடிதங்கள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. வழியில் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆட்டுப்பாலைப் பற்றி எழுது, போதும். அதில் மோரிட்ஸ் இருப்பான்.

அவனுக்காக யூலியுஸ் இரண்டு முறை உறுதிமொழிப் பத்திரம் அனுப்பிவிட்டான். இரண்டும் ஏதோ ஒரு குறை சொல்லித் திரும்பின. கோழிப் பண்ணைக்காரனின் சொத்து ஒரு மாட்டு வியாபாரியைத் தாங்காது என்று தூதரகத்தில் நினைக்கிறார்கள். மூன்றாவதை இந்த வாரம் அனுப்புகிறோம்.

பாஸ்கா வருகிறது. இங்கே என் புளிப்பை வாங்குவது பக்கத்துப் பண்ணை இத்தாலியர், நல்ல மனிதர். போன வருஷம் பத்திரத்தின் கீழே தானாகவே எழுதினார்: எட்டு நாளில் கட்டாயம் திருப்பித் தந்துவிடுவேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். "அய்யோ, அப்படி எழுதுனா வியாபாரம் செல்லாதுங்க" என்றேன். "அப்படின்னா நான் உங்களை ஏமாத்தணுமா?" என்று கேட்டார். அவருக்குப் புரியவைக்க அரை மணி ஆயிற்று. உனக்கு நான் புரியவைத்ததே இல்லை. நீ முதல் நாளிலேயே சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாய்.

மோரிட்ஸைப் பார்த்துக்கொள். ஜன்னலுக்காக அவனோடு சண்டை போடாதே. பலகை போனால் போகட்டும்.

செர்லின்


வைன்லாண்ட்,
16 ஜூன் 1946

அன்புள்ள வால்புர்கா,

தபால் மறுபடி போகிறது என்றார்கள். நீ உயிரோடிருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். இருந்தால் பதில் போடுவாய். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது உன் சுபாவம் இல்லை.

மோரிட்ஸ் திரும்பி வரமாட்டான் என்பது தெரியும். நாற்பத்தொன்று நவம்பரில் நம் மாவட்டத்திலிருந்து கொண்டுபோனவர்களைக் கிழக்கே ரீகா பக்கம் இறக்கியிருக்கிறார்கள். ஊருக்கு யாரும் திரும்பவில்லை. அதற்குமேல் அங்கே நடந்ததைத் தேடித் தேடிப் படித்துவிட்டேன். அதைப் பற்றி உன்னைக் கேட்கவில்லை. உனக்குத் தெரிய வழியில்லை.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அவன் நம் வீட்டிலிருந்து எப்படிப் போனான்? காலையா, மாலையா? சாப்பிட்டிருந்தானா? என்ன கோட்டு போட்டிருந்தான்? ஏதாவது சொன்னானா? அவனை எழுபது மைல் சுற்றளவில் எல்லாப் பசுவுக்கும் தெரியும், அவன் வீட்டைவிட்டுப் போன கடைசிக் காலை மட்டும் எனக்குத் தெரியாது என்றால் எப்படி?

நீ அங்கே இருந்திருப்பாய். நீ பார்த்தால் எதையும் விடாமல் பார்ப்பாய். அதை எழுது.

செர்லின்


வைட்டன்ரீட்,
11 ஆகஸ்ட் 1946

அன்புள்ள செர்லின்,

இருக்கிறேன். ஆன்டன் இல்லை. நாற்பத்து மூன்று பிப்ரவரியில் ரஷ்யாவில். அவன் மனைவி பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என் பழைய வீட்டில் கிழக்கிலிருந்து வந்த அகதிக் குடும்பம் ஒன்றை வைத்திருக்கிறார்கள், நான் உன் வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கிறேன்.

வீட்டைப் பற்றி எழுதவேண்டும். போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படையினர் இரண்டு மாதம் தங்கினார்கள். கதவு ஒன்றை அடுப்பில் போட்டுவிட்டார்கள், புதிது செய்து மாட்டினேன். கூரை சரியாக இருக்கிறது. வாசல் நிலையில் வலப்பக்கம் நீங்கள் வேத வாசகச் சுருள் பதித்திருந்த குழியை யாரும் அடைக்கவில்லை. அடைக்க நான் விடவில்லை.

செர்லின், வீடு உன்னுடையது. பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். அந்த விற்பனை விற்பனையே இல்லை. நாம் இருவரும் அதை அறிவோம். பாஸ்காவுக்குப் புளிப்பை வைத்திருந்ததுபோல் நான் வைத்திருந்தேன், அவ்வளவுதான். நீ வாசற்படியில் கைக்குட்டையை நீட்டியபோதே எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் நான் வெறும் சாவிக்காரியாகத்தான் இருந்தேன். இந்த வீட்டில் நடந்த எதிலும் நான் எஜமானி இல்லை.

நீ வா, அல்லது யூலியுஸை அனுப்பு. சாவியை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

மோரிட்ஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவன் மற்றவர்களோடு போனான். காலைநேரம். பழுப்புக் கோட்டு. வேறு சொல்ல எதுவும் இல்லை.

இங்கே காப்பி கிடைப்பதில்லை. அதற்காக எழுதவில்லை, ஒன்றும் அனுப்பாதே.

வால்புர்கா


வைன்லாண்ட்,
13 அக்டோபர் 1946

வால்புர்கா,

நான் கேட்டது ஒன்று, நீ கொடுப்பது ஒன்று. ஒரு காலையைக் கேட்டேன். நீ ஒரு வீட்டை நீட்டுகிறாய்.

நம் ஜெபக்கூடத்து ஆசிரியரின் மகன் அமெரிக்கப் படையில் இருந்தான். போன வருஷம் ஜீப்பில் நம் ஊருக்கு வந்தான். ரொட்டிக்கடைக்காரி அவனிடம், "அவங்க வந்து கேட்டாங்க, வால்புர்காம்மா சொன்னாங்க" என்றாளாம். கேட்டது என்ன, சொன்னது என்ன என்று அவன் கேட்பதற்குள் அவளுக்கு அடுப்பு நினைவு வந்துவிட்டது. இதை ஜூனில் உனக்கு எழுதவில்லை. ரொட்டிக்கடைக்காரி சொல்லி எனக்கு எதுவும் தெரியவேண்டாம். நீ சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

இத்தனை வருஷம் எங்கள் புளிப்பை வாங்கினாயே, ஒன்று மட்டும் உனக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்ல அவசியம் வரவில்லை. விற்காமல் ஒரு யூதனின் கையிலேயே பாஸ்காவைத் தாண்டிய புளிப்பு இருக்கிறதே, அது பிறகு எப்போதும் ஆகாது. எட்டு நாள் கழித்தும் ஆகாது, எட்டு வருஷம் கழித்தும் ஆகாது. விற்பனை ஒப்புக்குச் செய்ததென்றால் அலமாரியிலுள்ள எல்லாமே அப்படித்தான். தொடக்கூடாது.

இப்போது நீயே சொல். விற்பனை பொய் என்றால், வீடு அன்றும் என்னுடையது. மோரிட்ஸைக் கேட்டு வந்தவர்கள் என் வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள், பதில் சொன்னதும் என் வீடு. அந்த வீட்டில் நான் எப்படிக் கால் வைப்பேன்? விற்பனை நிஜம் என்றால், அது உன் வீடு, அவன் உன் கூரையின் கீழ் இருந்தவன், அங்கே நடந்தது உனக்குச் சொந்தம். நீ வெறும் சாவிக்காரி என்றால் அந்தக் காலைக்கு எஜமானி யார்? நானா? நான் இங்கே கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. முப்பத்தொன்பதில், அலமாரியைப் பூட்டுவதுபோல அவனையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள் நான். ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு வார்த்தை வாங்காமல். அவனைப் பார்த்துக்கொள்வாயா என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். ரொட்டிக்கும் மாவுக்கும் உள்ள வழக்கத்தை மனிதனுக்கு வைத்தேன். அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் எழுகிறேன்.

வீடு எனக்கு வேண்டாம். யூலியுஸுக்கும் வேண்டாம். அந்தக் காலை வேண்டும். தராவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

செர்லின்


வைட்டன்ரீட்,
30 நவம்பர் 1946

செர்லின்,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றில் என் நியாயத்தைச் சேர்த்திருந்தேன், ஒன்றில் அழுதிருந்தேன். இதில் இரண்டும் இல்லை.

அது வெள்ளிக்கிழமை. தரை உறைந்திருந்தது. முன்கூட்டியே உத்தரவு வந்திருந்ததால் மோரிட்ஸ் பெட்டியைக் கட்டிப் படிக்கட்டின் கீழே வைத்திருந்தான். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிமேல் வைத்தேன். அவன் காலையில் சூப் குடித்தான். முழுவதும் குடிக்கவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் ஊர்க் காவலர் கினாவுஸ். இன்னொருவன் மாவட்டத்திலிருந்து வந்த தோல் கோட்டுக்காரன். கினாவுஸ் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அறையில் மோரிட்ஸ் இல்லை. தோல் கோட்டுக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். கினாவுஸ் என்னிடம் வந்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டார்: "ஆளு இல்லைங்க. நீங்களும் பாக்கலல்ல, அம்மா?"

அவர் கேட்ட விதத்தை நீ கவனிக்கவேண்டும். நான் அன்று கவனிக்கவில்லை, அல்லது கவனித்தேன். அவர் எனக்கு விடையைச் சொல்லிக் கொடுத்தார். "ஆமாம்" என்பது ஒரே சொல். அதைச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். மாலையில் மறுபடி வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்.

நான் சொன்னது இது: "தொழுவத்துல இருக்கான். இந்த நேரத்துல ஆட்டுக்கிட்டதான் இருப்பான்."

யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று சரியான விடையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லி முடித்தபோது சரியாகச் சொல்லிவிட்ட திருப்திகூட ஒரு கணம் இருந்தது. அதையும் எழுதவேண்டும் என்று எழுதுகிறேன்.

கினாவுஸ் என்னைப் பார்த்தார். பிறகு தொழுவத்துக்குப் போனார்.

மோரிட்ஸ் தலையில் வைக்கோலோடு வந்தான். பழுப்புக் கோட்டு, முழங்கையில் நீ ஒட்டுப் போட்டது. "வீட்டுக்காரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் போலவே சொன்னான். "ஆடு சினையா இருக்கு, வித்துடாதீங்க" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

வாசல்வரை வந்தபோது நான் கேட்டேன், "மேல ஜன்னலைச் சாத்தினியா?"

ஏன் கேட்டேன் என்று ஐந்து வருஷமாக யோசிக்கிறேன். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது, எனக்கு வந்தது அதுதான். அவன் பெட்டியைக் கீழே வைத்தான். மாடிக்கு ஏறிப் போனான். நாங்கள் மூன்று பேரும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. "ஒழுங்கான வீடு" என்று தோல் கோட்டுக்காரன் சிரித்தான். மோரிட்ஸ் இறங்கி வந்தான். "சாத்திட்டேன். இனிமே சாரல் அடிக்காது" என்றான். போனான். தெருமுனையில் வண்டி நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்றேன், பிறகு உள்ளே வந்து சூப் கிண்ணத்தைக் கழுவினேன்.

அன்று மாலை தொழுவத்துக்குப் போனேன். தீவனத் தொட்டிக்குப் பின்னால் வைக்கோலில் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம் இருந்தது. ஒளிந்திருந்தானா, புல் போட்டுக்கொண்டிருந்தானா, எனக்குத் தெரியாது. ஆடு படுத்த பள்ளமாகவும் இருக்கலாம். இத்தனை காலமும் ஆடு என்றே சொல்லிக்கொண்டேன். ஆடு அவ்வளவு நீளம் இல்லை.

விற்பனை நிஜம். மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். வீடு என்னுடையது. கேட்டவர்கள் என் வாசலில் நின்று கேட்டார்கள், பதில் சொன்னவள் நான். மாடி ஜன்னலை அன்றைக்கு மறுநாள் திறந்தேன். அதற்குப் பிறகு சாத்தவில்லை. பலகை ஊறி வளைந்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. மடத்துப் பள்ளியில் சனிக்கிழமைகளில் ஓய்வுநாள், எழுதக் கூடாது என்று நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் பங்குப் பாடத்தையும் நான் எழுதித் தருவேன். ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேல் நோட்டை நீட்டும்போது நீ ஒன்றுதான் கேட்பாய், எல்லாம் இருக்கிறதா என்று.

எல்லாம் இருக்கிறது. எதையும் விடவில்லை.

வால்புர்கா